சொர்ணாம்பிகைக்குள் இருந்த காற்று

தண்ணீருக்குள் இறங்கக் கற்றுக்கொடுப்பவளைக் குரு என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் சொல்லலாம் என்பேன். மற்ற குருமார்கள் மூச்சைக் கவனி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சீடன் கவனித்தானா, தூங்கினானா என்று அவர்களுக்குத் தெரியாது. இவளிடம் மூச்சைக் கவனிக்காதவன் மேலே வரவே மாட்டான்.

அவள் பெயர் ஜெர்மினா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா சங்கு குளித்தவர். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளுடைய சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்தொன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற கொங்குநாட்டு மனிதர்.

இந்த வயதில் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பாமல் ரப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறாரே, இது என்ன கூத்து என்று அவருடைய மருமகள் கேட்டாள்.  இரண்டு வருஷம் கடலில் பயிற்சி எடுத்தார். பிறகு குருவைத் தன் ஊர் மலைக்கு அழைத்து வந்தார்.

மலைமேலே கழுகுமடு என்று ஓர் ஏரி. அதன் அடியில், எண்பது அடி ஆழத்தில், சொர்ணாம்பிகை என்ற உல்லாசப் படகு ஐம்பத்துநாலு வருஷமாக நிற்கிறது.

அவர் ஏன் அங்கே வந்தார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவராகச் சொல்ல ஏழு நாள் ஆகும். அதுவரை நீங்கள் எதற்குத் தவிக்க வேண்டும்?

படகு ஒரு மில் முதலாளியுடையது. தேக்குப் பலகைகளை லாரியில் மலையேற்றி, ஏரிக்கரையிலேயே பொருத்தி, தன் தாயார் பெயரை வைத்தார். உள்ளே வெல்வெட் சோபா போட்ட ஒரு கூடம். அதை ஒட்டி ஒரு சின்னச் சமையல் அறை. அங்கே சமைத்துப் போட்டவள் பாவாயி. குழந்தைவேலுவின் அம்மா.

ஒரு மார்கழிச் சாயங்காலம், பனிமூட்டத்தில், படகு பாறையில் இடித்தது. கூடவே வந்த துடுப்புப் படகு ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தது. முதல் நடையில் குழந்தைகள். அதில் ஏழு வயதுக் குழந்தைவேலுவும் இருந்தான். இரண்டாவது நடையில் பெரியவர்கள்.

மூன்றாவது நடை போக வேண்டுமா என்று தெரியாமல் துடுப்புக்காரன் நின்றான். பையனைப் பார்த்து, "உங்கம்மா வந்தாச்சாடா?" என்று கேட்டான்.

பாவாயியின் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பையன், "வந்தாச்சு" என்றான்.

கம்பளிக்குள் இருந்தது முதலாளியின் சம்சாரம். குளிருக்கு யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். துடுப்புக்காரன் திரும்பிப் போகவில்லை. பாவாயி மூன்றாம் நாள் அக்கரையில் பிணமாக ஒதுங்கினாள்.

அந்த ஒரு சொல்லைக் குழந்தைவேலு யாரிடமும் சொன்னதில்லை. படகு உடனே மூழ்கியிருந்தால் அந்தச் சொல்லால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அம்மா உள்ளே கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருந்தால், அவளைக் கொன்றது அந்தச் சொல்தான். இரண்டில் எது என்று தெரியாமல் அவரால் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஊரில் விசாரிக்காமல் இருப்பாரா? விசாரித்தார். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் படகு போய்விட்டது என்றார் ஒருவர். அரை மணி நேரம் மிதந்தது என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் அந்த வருஷம் பிறந்திருக்கவே இல்லை. அவர்தான் எல்லோரையும்விட விவரமாகச் சொன்னார்.

முதல் நாள் இறங்கியபோது குழந்தைவேலுவால் தன் கண்ணை நம்ப முடியவில்லை. படகு சாயவில்லை. அடிப்பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் ஓட்டையைத் தவிர வேறு சேதம் இல்லை. பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களின் வீடு மாதிரி நின்றது. கூடத்தில் சோபா இருந்தது. கண்ணாடித் தம்ளர்கள் தாங்கியில் தலைகீழாக வரிசையாகத் தொங்கின. சுவர்க் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருந்தது. கதவில் வார்னிஷ் மினுங்கியது.

மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"அம்மணி, இது எப்படிங்க? நேத்து முழுகுனாப்பல இருக்குதே!"

"நல்ல தண்ணி அண்ணாச்சி. குளிரு வேற. மரத்தைத் திங்கிற புழு கடல்லதான் உண்டு. எங்க ஊர்ல இது முழுகியிருந்தா இந்நேரம் ஆணி மட்டும்தான் கெடக்கும்."

"அப்போ உள்ள இருக்கறதெல்லாம் அன்னைக்கு இருந்தபடியே இருக்குதுங்களா?"

ஜெர்மினா ஈரத் தலையைத் துண்டால் துடைத்தாள்.

"நாம உள்ள போறதுக்கு முந்தி இருந்துச்சு" என்றாள்.

எதையும் தொடாதே என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சர்வேயர் அல்லவா? மறுநாளிலிருந்து தொடாமல் அளக்க ஆரம்பித்தார்.

அவர்களுடைய முறை இதுதான். கூடத்து வாசலில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி ஜெர்மினா நிற்பாள். மறுமுனையோடு அவர் உள்ளே போவார். இருபது நிமிஷம். கயிறு இரண்டு தடவை சுண்டினால் திரும்பிவிட வேண்டும். பார்த்ததை எல்லாம் தண்ணீருக்குள் எழுதும் பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். கரைக்கு வந்ததும் நோட்டில் ஏற்றுவார்.

கூடம் பதினாறு அடி நீளம், ஒன்பது அடி அகலம். சன்னல் ஆறு. ஒன்றில் கண்ணாடி இல்லை.

"அம்மணி, ஒரு சன்னல் ஒடஞ்சிருக்குதுங்க. உள்ள இருந்து ஒடச்சாங்களா, வெளிய இருந்து தண்ணி ஒடச்சுதுங்களா?"

"கண்ணாடித் துண்டு எங்க கெடக்கு?"

"உள்ளயும் கெடக்குது, வெளியவும் கெடக்குது."

"அப்ப ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

இதெல்லாம் ஒரு பதிலா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. அடக்கிக்கொண்டார். அடுத்த நாள் வேறு ஒன்றைக் கேட்டார்.

"கடிகாரம் நாலு இருபதுல நிக்குதுங்க. அப்போ நாலு இருபதுக்குத்தான கூடத்துக்குள்ள தண்ணி வந்திருக்கோணும்?"

"ஆமா. அந்த உசரத்துக்கு."

"படகு இடிச்சது எத்தன மணிக்குன்னு தெரிஞ்சா கழிச்சுப் பாத்தரலாமுங்க."

"எத்தன மணிக்கு இடிச்சுது?"

"அதுதானுங்க யாருக்கும் தெரியல."

ஜெர்மினா சிரிக்கவில்லை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் சொல்லவும் இல்லை.

அளக்க அளக்க அவருக்குத் தலை சுற்றியது. வயலில் எல்லைக் கல் ஒன்று சொன்னால் அளக்கிற சங்கிலியும் அதையே சொல்லும். இங்கே ஒரு பொருள் சொன்னதை இன்னொரு பொருள் மறுத்தது. தம்ளர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, அதனால் படகு மெதுவாக இறங்கியது. கனமான ஒரு நாற்காலி மட்டும் கூடத்தின் நடுவில் தள்ளிக் கிடந்தது, அதனால் வேகமாக இறங்கியது. இல்லை, யாரோ அதை இழுத்துப் போட்டு ஏறி நின்றார்கள். நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதியதை அடுத்த பக்கத்தில் அடித்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டால்தான் ஆபத்து என்பார்கள். அவருக்கு ஆழம் அங்குலம் வரை தெரியும். அப்படியும் கால் நிலைகொள்ளவில்லை.

அவருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. மனசு பதறினால் மூச்சை நிறைய இழுத்துக்கொள்வார். நிறைய இழுத்தால் உடம்பு மேலே கிளம்பும். மெல்லப் போய்க் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பார்.

"திருவிழா பலூன் மாதிரி மேல மேல போறீங்களே அண்ணாச்சி. மூச்சைக் கொஞ்சமா இழுங்க" என்பாள் ஜெர்மினா.

"இழுக்கோணும்னு இழுக்கறதில்லீங்க அம்மணி. அதுவா வருது."

"அதுவாத்தான் வரும். நீங்கதான் பாத்துக்கிடணும்."

ஐந்தாம் நாள், நாற்காலியில் ஏறி நின்றால் கை எதுவரை எட்டும் என்று கணக்குப் போட்டபடி அவர் அண்ணாந்து பார்த்தார். கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. அதில் ஒரு விளக்கும், விளக்குக்குப் பின்னால் ஒரு முகமூடியும் தெரிந்தன. கையை நீட்டினார். கண்ணாடி நடுங்கியது. விரல்கள் மறுபக்கம் போயின. மறுபக்கத்தில் தண்ணீர் இல்லை.

காற்று.

தலையை அதற்குள் நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் கூரைப் பலகை வெகு அருகில் தெரிந்தது. வார்னிஷ் அப்படியே இருந்தது. அதன் மேல் கீறல்கள். மூன்று கோடு, நாலு கோடு என்று சேர்ந்து சேர்ந்து, யாரோ பிறாண்டியது போல.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் ஊர்ப் பழமொழி. எண்பது அடி ஆழத்தில் இருளாதது எது?  பயந்தார். அதைவிட வெட்கக்கேடு, சந்தோஷமும் வந்தது. அம்மா இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவள் விட்ட மூச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது. அது சந்தோஷமா, நரகமா என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஜெர்மினாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் வேறெதையும் அளக்கவில்லை. இருபது நிமிஷமும் அந்தக் காற்றுக்குள் தலையை வைத்துக்கொண்டு, வாய்க்குழாயைக் கடித்தபடி, கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு தடவை கையால் காற்றின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். பழக்கம் விடுமா?

ஏழாம் நாள் மேலே வந்ததும் ஜெர்மினா அவருடைய சிலிண்டர் அளவுமானியைத் திருப்பிப் பார்த்தாள்.

"நூறு மிச்சம் வைக்கிறவரு. இன்னைக்கு நாப்பதுல வந்திருக்கீங்க."

"அப்படீங்களா?"

"காத்து எங்க போச்சு அண்ணாச்சி?"

"செலவாயிருச்சுங்க."

"அது தெரியுது. என்ன செஞ்சீங்க உள்ள?"

கரையில் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே அவர்கள் தங்கியிருந்தார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.   அதைக் குடிக்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். இடித்தது, இரண்டு நடை, கம்பளி, துடுப்புக்காரன், வந்தாச்சு. ஐம்பத்துநாலு வருஷம் சொல்லாததைச் சொல்லி முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கூரைக்குக் கீழ காத்து இருக்குது அம்மணி. எங்கம்மா அதுக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. கூரையைப் பிறாண்டியிருக்காங்க. நான் கரையில நின்னுட்டு, வந்தாச்சுன்னு சொல்லிட்டனுங்க."

ஜெர்மினா அவரைப் பார்த்தாள்.

"அந்தக் காத்தை என்னைக்குப் பாத்தீங்க?"

"முந்தாநேத்துங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எறங்க விடமாட்டீங்கன்னு நெனச்சனுங்க."

"இப்ப ஏன் சொல்லுதீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு வாயில இருக்கற குழாயை எடுத்துட்டு அந்தக் காத்தை ஒருக்கா இழுக்கலாம்னு இருக்கனுங்க. ஒரே ஒருக்கா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாவம், நீங்க என்னமோ ஏதோன்னு பதறக்கூடாது. அதுக்குத்தான்."

ஜெர்மினாவின் முகம் சட்டென்று மாறியது. அடைந்து கிடக்கிற காற்றை நம்பிக் குழாயை எடுத்த இரண்டு பேரை அவள் தன் கையால் மேலே தூக்கி வந்திருக்கிறாள். அதில் ஒருவர்தான் பிழைத்தார். அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்திருப்பாங்க?" என்றார் அவர். "அதை மட்டும் சொல்லுங்க. காத்தோட அளவைச் சொல்றேன், உங்களுக்குக் கணக்குத் தெரியும். அஞ்சு நிமிஷமா? ஒரு மணி நேரமா? விடியற வரைக்கும் இருந்தாங்களா?"

அவள் எழுந்தாள். இரண்டு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்குக் கூடத்துக்குப் போக வேண்டாம். சமையல் ரூமுக்குப் போவோம். நானும் உள்ள வாரேன்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"அங்க வச்சுச் சொல்லுதேன்."

"தண்ணிக்குள்ளயா? எப்படிச் சொல்லுவீங்க?"

அவள் சிலிண்டர்களைப் பார்க்கப் போய்விட்டாள். குருமார்களோடு இதுதான் தொந்தரவு.

ஏழு நாளும் அவர் சமையல் அறைப் பக்கம் போகவில்லை. அங்கே அளக்க ஒன்றும் இல்லை என்று நோட்டில் எழுதியிருந்தார். அது பொய். அவருக்குத் தைரியம் இல்லை.

எட்டாம் நாள் ஜெர்மினா முதலில் நுழைந்தாள். அவர் பின்னால் நுழைந்தார். நாலு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற அறை. அடுப்பு இருந்தது. கொக்கியில் கரண்டிகள் பெரிசு, சின்னது என்று வரிசையாக மாட்டியிருந்தன. அந்த வரிசை அவருக்குத் தெரியும். வீட்டிலும் அவள் அப்படித்தான் மாட்டுவாள். ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி கட்டியிருந்தது. முடிச்சுக்கூட அவிழவில்லை.

ஜெர்மினா விளக்கை மேலே காட்டினாள். கூரைப் பலகை தெரிந்தது. அடுப்புக்கு நேர் மேலே புகைக் கறை. கண்ணாடி எதுவும் இல்லை. அவள் அவர் கையைப் பிடித்துக் கூரை முழுக்கத் தடவிக் காட்டினாள். ஓர் ஓரம் விடாமல் பலகை வரை தண்ணீர் இருந்தது. அவர் தலையாட்டினார்.

பிறகு அவரைத் தரையில் முழங்காலிட்டு உட்காரவைத்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பத்து நிமிஷம், அசையக்கூடாது. சைகையில் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி வெளியே நகர்ந்தாள். அவளுடைய குமிழிகள் ஏரிக்குள் ஏறிப் போயின.

அவர் உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று புரியவில்லை. இங்கே எதைப் பார்க்க வேண்டும்? ஜாடியையா? கரண்டியையா? அம்மா கடைசியாக இங்கேதான் இருந்தாள் என்கிறாளா? கூடத்தில் இல்லை என்கிறாளா? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டார். பிறகு நினைக்கவும் முடியாமல் கரண்டிகளையே பார்த்தார். முகமூடிக்குள் அழுவது பெரிய அவஸ்தை. துடைக்க முடியாது.

பத்து நிமிஷம் ஆனது. ஜெர்மினா தலையை உள்ளே நீட்டி, மேலே கைகாட்டினாள்.

கூரையில் ஒரு முறம் அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதில் அவருடைய விளக்கும் முகமூடியும் தெரிந்தன.

அப்போதும் அவருக்குப் புரியவில்லை. இங்கேயும் காற்று இருந்திருக்கிறதா? சரியாகத் தடவவில்லையா? அம்மா இங்கேயும் இருந்தாளா? ஜெர்மினாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய வாயருகே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சு விட்டார். குமிழிகள் கிளம்பின. அவற்றின் பின்னாலேயே அவர் பார்வை போனது. அவை கரண்டிகளைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் சேர்ந்தன. கண்ணாடி கொஞ்சம் அகன்றது.

மூச்சை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். பயிற்சியின் முதல் நாளே அவள் கண்டித்துத் தடுத்த காரியம் அது. கண்ணாடி அகலாமல் நின்றது.

மறுபடி விட்டார். அகன்றது.

கயிறு இரண்டு தடவை சுண்டியது.

கரைக்கு வந்தார். ரப்பர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"அஞ்சாம் நாளு காத்தோட உசரம் நாலு வெரக்கடைங்க" என்றார். "ஆறாம் நாளு ஆறு. ஏழாம் நாளு ஒரு சாண்."

"ம்."

"பக்கத்துல அளவில் பிழைன்னு எழுதி வெச்சிருக்கனுங்க."

"பிழையில்ல. நல்லாத்தான் அளந்திருக்கீங்க."

"முப்பத்தாறு வருஷம் சர்வேயரா இருந்தனுங்க அம்மணி. நாளுக்கு நாள் வளர்ற எடத்தை எங்கயும் அளந்ததில்லை. இதை அளந்துட்டு, பிழைன்னு எழுதிட்டுப் போயிருக்கனே."

 தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அப்போ அந்தக் கீறல்?"

ஜெர்மினா எழுந்து போய் அவருடைய சிலிண்டரைத் தூக்கி வந்தாள். தலைக்குப் பின்னால் வருகிற திருகை அவர் பக்கம் திருப்பினாள். திருகின் பற்களுக்கு இடையில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். வார்னிஷ்.

"கூரையில முட்டிக்கிட்டு நிப்பீங்கள்ல" என்றாள்.

அவர் நகத்திலிருந்த வார்னிஷைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்கமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. மூன்று நாளாக அம்மாவின் விரல்கள் என்று அவர் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"அப்போ எங்கம்மா அந்தக் கூடத்துல இருக்கலீங்களா?"

"எனக்குத் தெரியாது."

"அன்னைக்குக் கூரைக்குக் கீழ காத்து இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அன்னைக்கு இருந்தது இப்ப இல்ல. இப்ப இருக்கது நீங்க விட்ட மூச்சு. வாசல்ல நின்னு நான் விட்டதும் கொஞ்சம் இருக்கும்."

அவருக்குக் கோபம் வந்தது. நோட்டைத் தார்ப்பாய் மேல் வீசினார்.

"ரெண்டு வருஷம் உப்புத் தண்ணி குடிச்சு உங்ககிட்ட எதுக்குங்க கத்துக்கிட்டேன்? நேத்து வரைக்கும் எங்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. கொடுமையான பதில், ஆனா இருந்துச்சு. இன்னைக்கு அதையும் புடுங்கிட்டீங்க. எனக்கு இப்போ ஒண்ணுமே தெரியல."

"ஆமா" என்றாள் ஜெர்மினா.

"எனக்குத் தெரியலீங்கறேன், ஆமாங்கறீங்களே!"

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. அதான் ஆமான்னேன்."

தேநீர் கொதித்தது. அவள் இறக்கி வைத்தாள். அவர் நோட்டைப் போய் எடுத்துவந்தார். மண்ணைத் தட்டினார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"நான் வந்தாச்சுன்னு சொன்னனே அம்மணி. அது மட்டும் அளவில பிழை இல்லீங்களே. அதைச் சொன்னது நான்தானுங்களே."

ஜெர்மினா தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொள்ளும் வரை விடவில்லை.

"அன்னைக்குக் கரையில பெரிய ஆளுங்க எத்தன பேரு நின்னாங்க?"

"பெரியவிகளா?" அவர் யோசித்தார். இது அவர் நோட்டில் இல்லாத கணக்கு. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "மொதலாளி. அவரு சம்சாரம். மச்சினருங்க ரெண்டு பேரு. அவிய வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு. மேனேஜரு. டாக்டர் ஒருத்தரு வந்திருந்தாரு. கார் டிரைவருங்க ரெண்டு. தோட்டக்காரரு. துடுப்புக்காரன்."

"எத்தன?"

"பன்னெண்டு."

"எல்லாரும் உங்க அம்மா சமைச்சதச் சாப்பிட்டவங்க."

"ஆமாங்க. அன்னைக்கு மத்தியானம்கூட."

"அத்தன பேரு நிக்கையில, அவங்க வந்தாச்சான்னு ஏழு வயசுப் பிள்ளைகிட்ட எதுக்குக் கேட்டாங்க அண்ணாச்சி?"

 குழந்தைவேலுவின் பெருவிரல் பன்னிரண்டாவது கணுவிலேயே நின்றது.